ரெக்சினும் பசையும்: கார் உட்புற உறைகளின் வரலாறு

காரின் இருக்கை, கதவின் உட்பலகை, டேஷ்போர்டு, கூரையின் உட்புறம் ஆகியவற்றின் மீது போர்த்தப்படும் தோல், துணி, ரெக்சின் முதலியவை உட்புற உறைகள் எனப்படுகின்றன. தமிழ்நாட்டில் இந்த வேலையைக் குஷன் வேலை என்றும், அது நடக்கும் இடத்தைக் குஷன் கடை என்றும் சொல்வது வழக்கம். கடைக்கு வருபவர் பெரும்பாலும் உறையின் நிறத்தையும் விலையையும் மட்டுமே கேட்கிறார். அதை எந்தப் பசையால் ஒட்டப்போகிறார்கள் என்று கேட்பவர் அரிது. ஆனால் உறையின் ஆயுளை முடிவு செய்வதில் பசைக்கு உறைக்குச் சமமான பங்கு உண்டு. கடந்த நூற்றிருபது ஆண்டுகளில் உறைப்பொருள் மாறிய போதெல்லாம் பழைய பசை தோற்றது, புதிய பசை தேவைப்பட்டது. அந்தப் பசைகளில் சில, அவற்றைத் தடவிய தொழிலாளர்களின் உடலையும் பாதித்தன.

குதிரை வண்டியின் மரபு

முதல் கார்களில் எஞ்சின்தான் புதியது. உடற்பகுதியைக் கட்டியவர்கள் குதிரை வண்டி கட்டிய அதே பட்டறையினர். சென்னையிலும் இதற்குச் சான்று உண்டு. 1840-ல் தொடங்கப்பட்ட சிம்ப்சன் நிறுவனம் குதிரை வண்டிகளுக்குப் பெயர் பெற்றது. அங்கே பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் 1903-ல் நீராவியால் ஓடும் கார் ஒன்றைக் கட்டினார். அத்தகைய பட்டறைகளில் தச்சரும் கொல்லரும் தோல் வேலைக்காரரும் ஏற்கெனவே இருந்ததால், வண்டியிலிருந்து காருக்கு மாறுவதில் உள்வேலையைப் பொறுத்தவரை பெரிய தடை எதுவும் இல்லை.

அன்றைய இருக்கையின் அமைப்பு எளிமையானது. மரச்சட்டத்தின் குறுக்கே சணல் பட்டைகளை இழுத்துக் கட்டி, அவற்றின் மேல் சுருள்வில்களை நிறுத்தி, அதன்மேல் குதிரை முடியைப் பரப்பி, எல்லாவற்றுக்கும் மேலே தோலையோ கம்பளித் துணியையோ இழுத்து ஆணி அடித்தார்கள். தொழிலாளி சிறு ஆணிகளை வாயில் அடக்கிக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாகத் தள்ளி, காந்தத் தலை கொண்ட சுத்தியலில் எடுத்து அடிப்பார். ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்ததால் இந்த வழக்கம் வந்தது.

பசையாகப் பயன்பட்டது நம் தச்சர்கள் வச்சிரம் என்று அழைக்கும் விலங்குப் பசை. தோல் துண்டுகளையும் எலும்புகளையும் காய்ச்சி எடுக்கும் இதை, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த மற்றொரு பாத்திரத்தில் உருக்கித் தடவுவார்கள். ஆறினால் இறுகும். மரத்தோடு மரத்தை ஒட்டுவதில் இதற்கு நிகரான பசை அக்காலத்தில் இல்லை. ஆனால் ஈரமும் சூடும் பட்டால் இளகிவிடும். மேல்மூடி இல்லாத காரில் மழையும் வெயிலும் நேரடியாக விழும் என்பதால், உறையைத் தாங்கும் பொறுப்பைப் பட்டறையினர் வச்சிரத்திடம் ஒப்படைக்கவில்லை. சுமையை ஆணியும் நூலும் ஏற்றன.

அக்கால உறைத் தேர்வு இன்றைய மதிப்பீட்டுக்கு நேர் எதிரானது. செல்வர்களின் கார்களில் ஓட்டுநர் வெளியே, திறந்த முன்பகுதியில் அமர்வார். அவருடைய இருக்கைக்குத்தான் தோல் போட்டார்கள், மழையைத் தாங்கும் என்பதற்காக. மூடிய பின்பகுதியில் அமரும் முதலாளிக்கு மெல்லிய கம்பளித் துணி. தோல் உழைப்பவருக்கு, துணி உரிமையாளருக்கு. ஜப்பானில் டொயோட்டா செஞ்சுரி போன்ற உயர்தரக் கார்களில் கம்பளி இருக்கை அண்மைக்காலம் வரை மதிப்புக்குரியதாக இருந்தது இந்த மரபின் தொடர்ச்சியே. பிரிட்டனில் தோல் மெல்ல மெல்லப் பின்னிருக்கைக்கும் ஏறியது. 1878-ல் லண்டனில் தொடங்கிய கானலி நிறுவனம் ரோல்ஸ் ராய்ஸ், ஜாகுவார் போன்ற கார்களுக்குத் தோல் கொடுத்து, 2002-ல் அந்தத் தோல் பதனிடும் தொழிலை நிறுத்தியது.

ரெக்சின் என்னும் பெயர்

கார்களின் எண்ணிக்கை பெருகியபோது மாட்டுத் தோல் போதவில்லை. விலையும் ஏறியது. ஆளிவிதை எண்ணெய் பூசிய துணி மாற்றாக இருந்தாலும், மடிக்கும் இடத்தில் வெடித்தது. இந்த நிலையில் பயன்பாட்டுக்கு வந்தது நைட்ரோசெல்லுலோஸ். பருத்தியை நைட்ரிக், கந்தக அமிலங்களில் ஊறவைத்துப் பெறும் இந்தப் பொருள், நைட்ரஜன் அளவு கூடினால் வெடிமருந்தாகிவிடும். அளவு குறைந்த வகையைக் கரைப்பானில் கரைத்து, இளக்கத்துக்கு ஆமணக்கெண்ணெயையோ கற்பூர எண்ணெயையோ சேர்த்து, சாயம் கலந்து, பருத்தித் துணியின் மேல் படலம் படலமாகப் பூசினார்கள். பின்னர் வரி செதுக்கிய உருளையின் கீழே அழுத்தினால் தோலின் ரேகை பதியும்.

அமெரிக்காவில் இந்தத் துணி ஃபேப்ரிகாய்டு என்ற பெயரில் விற்றது. அதைச் செய்த நிறுவனத்தை 1910-ல் டூபாண்ட் வாங்கியது. வெடிமருந்துத் தொழிலில் இருந்த டூபாண்டுக்கு நைட்ரோசெல்லுலோஸ் பழகிய பொருள். அதை அமைதிக்காலப் பண்டமாக்கும் வழியாக இந்தச் செயற்கைத் தோல் அமைந்தது. ஃபோர்டின் மாடல் டி உட்பட விலை குறைந்த கார்களின் இருக்கைகளில் இவ்வகைத் துணி பரவியது.

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஹைடு என்னும் ஊரில் இதே வகைத் துணியைச் செய்த நிறுவனம் அதற்கு இட்ட வணிகப் பெயர்தான் ரெக்சின். புத்தக அட்டைக்கும் நாற்காலிக்கும் பயன்பட்ட அது, 1920களிலிருந்து பிரிட்டிஷ் கார்களின் உள்ளே பெருமளவில் இடம்பெற்றது. அந்தப் பெயர் இந்தியாவிலும் வேர்விட்டது. இன்று தமிழ்நாட்டில் ரெக்சின் என்று விற்கப்படும் துணி அந்தப் பழைய நைட்ரோசெல்லுலோஸ் துணி அன்று. அது பிவிசி அல்லது பாலியூரித்தேன் பூசிய துணி. பொருள் இருமுறை மாறியும் பெயர் மாறவில்லை. ஆட்டோ இருக்கை, பள்ளிப் பை, திரையரங்க நாற்காலி எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வழங்குவதால், உள்ளே இருக்கும் வேதிப்பொருள் வேறு என்பது வாங்குபவருக்குத் தெரிவதில்லை. பசைத் தேர்வில் நேரும் தவறுகளில் கணிசமானவை இங்கேதான் தொடங்குகின்றன என்று கூறலாம்.

நைட்ரோசெல்லுலோஸ் துணியின் பெரிய குறை தீ. எளிதில் பற்றி வேகமாக எரியும். ஆயினும் 1920களில் சார்ல்ஸ் வேமன் என்பவர் காரின் வெளிப்புறத்தையே இத்தகைய செயற்கைத் தோலால் போர்த்தும் முறையை ஐரோப்பாவில் பரப்பினார். விமானங்களோடு தொடர்புடைய அவர், மரச்சட்டத்தின் மேல் துணியை இழுத்துப் போர்த்தும் விமான உத்தியைக் காருக்குக் கொண்டுவந்தார். சத்தமும் எடையும் குறைந்தன. சில ஆண்டுகள் செல்வாக்குடன் இருந்து, உருக்கு உடல்கள் மலிந்ததும் மறைந்துபோனது.

ஆணி அடிக்க மரம் இல்லாத காலம்

பசையின் முக்கியத்துவம் கூடியதற்கு உறைப்பொருள் மட்டும் காரணமன்று. காரின் எலும்புக்கூடு மரத்திலிருந்து உருக்குக்கு மாறியது அதைவிட முக்கியமான காரணம். எட்வர்டு பட் என்பவரின் நிறுவனம் 1914-ல் டாட்ஜ் கார்களுக்கு முழு உருக்கு உடல்களைச் செய்யத் தொடங்கியது. மூடிய கார்களிலோ நெடுங்காலம் கூரையின் நடுப்பகுதி மரமும் துணியுமாகவே இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1935 மாடல்களில் ஒரே உருக்குத் தகட்டாலான கூரையைக் கொண்டுவந்தது. அதே காலகட்டத்தில் மூடிய கார்கள் சந்தையைப் பிடித்துவிட்டன. 1919-ல் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான் மூடியது. 1927-ல் பத்தில் எட்டுக்கும் மேல்.

மூடிய காரில் கூரையின் உட்புறத்தையும் தூண்களையும் கதவுகளையும் போர்த்த வேண்டும். ஆனால் உருக்கில் ஆணி இறங்காது. இதற்குப் பட்டறைகள் பல உபாயங்களைக் கண்டன. உருக்கு விளிம்பில் அழுத்தப்பட்ட காகிதப் பட்டையைச் செருகி அதில் ஆணி அடித்தார்கள். கதவுப் பலகைகளைக் கம்பி கிளிப்புகளால் மாட்டினார்கள். கூரைத் துணியின் பின்புறம் உறைபோலத் தைத்து, அதற்குள் வளைந்த கம்பிகளைக் கோத்துத் தொங்கவிட்டார்கள். இவற்றால் முடியாத இடங்களில், குறிப்பாக விளிம்புகளிலும் வளைவுகளிலும், பசைதான் வழி. உருக்கு நீரை உறிஞ்சாது. நீர் ஆவியாகி இறுகும் மாவுப் பசைக்கும் வச்சிரத்துக்கும் அங்கே வேலையில்லை. பெட்ரோலிய நீர்மத்தில் கரைத்த இயற்கை ரப்பர் பசை பயன்பட்டது. சைக்கிள் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனும் இதே குடும்பந்தான். ஆனால் அது எண்ணெயையும் வெப்பத்தையும் தாங்காது.

பசை தேடியவருக்குக் கிடைத்த பிவிசி

பாலிவினைல் குளோரைடு என்னும் பிவிசி 1872-லேயே ஜெர்மானிய வேதியியலர் ஓய்கன் பௌமனின் கண்ணில் பட்ட பொருள். விறைப்பாகவும் நொறுங்கக்கூடியதாகவும் இருந்ததால் யாருக்கும் பயன்படவில்லை. 1926-ல் அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டோ செமன், ரப்பரை உலோகத்தோடு ஒட்டும் பசை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். பிவிசியை உயர் கொதிநிலை கொண்ட நீர்மத்தில் சூடாக்கியபோது பசை கிடைக்கவில்லை. வளைந்து கொடுக்கும் ஜெல்லி போன்ற பொருள் கிடைத்தது. நாம் இன்று காணும் மென்மையான வினைல் அங்கிருந்து தொடங்குகிறது. பசையைத் தேடிய முயற்சி, பிற்காலத்தில் பசைகளுக்கே பெரும் சவாலான ஒரு பொருளைத் தந்தது என்பது இந்த வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிவிசி பூசிய துணி நைட்ரோசெல்லுலோஸ் துணியை வெளியேற்றியது. தண்ணீரைத் தாங்கியது, துடைத்தால் சுத்தமானது, எந்த நிறத்திலும் கிடைத்தது, பழையதைப் போலத் தீப்பற்றவில்லை. அமெரிக்காவில் யு.எஸ். ரப்பர் நிறுவனத்தின் நாகஹைடு என்ற வகை மிகவும் பெயர் பெற்றது. 1960களில் அதன் விளம்பரத்துக்காக நாகா என்றொரு கற்பனை விலங்கை உருவாக்கி, அது தன் தோலைத் தானே உரித்துத் தருவதாகக் கதை கட்டினார்கள். இந்தியாவில் அம்பாசடர், பத்மினி கார்களின் இருக்கைகளில் வினைல் பழக்கமான பொருளாயிற்று. வெயிலில் நின்ற காரில் அதன்மீது உட்கார்ந்தவர்கள் மேலே ஏன் துண்டு விரிக்கும் வழக்கம் வந்தது என்பதை அறிவார்கள்.

நியோபிரீனும் நெகிழ்வூட்டியும்

பிவிசிக்கு இணையாக வளர்ந்த பசை நியோபிரீன். டூபாண்டின் வாலஸ் கரோதர்ஸ் குழுவில் இருந்த அர்னால்டு காலின்ஸ் 1930-ல் இந்தச் செயற்கை ரப்பரை உருவாக்கினார். அசெட்டிலீன் குறித்து ஜூலியஸ் நியூலாண்டு என்னும் பாதிரியார் செய்த ஆய்வு அதற்கு அடிப்படை. நியோபிரீனைக் கரைப்பானில் கரைத்து, பீனாலிக் பிசின், மக்னீசியம் ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு ஆகியவற்றைச் சேர்த்தால் குஷன் கடைகளில் காணும் மஞ்சள் நிறப் பசை கிடைக்கிறது. இந்தியாவில் ஃபெவிகால் எஸ்.ஆர். வகைகள் இதற்கு எடுத்துக்காட்டு. தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளை ஃபெவிகால் வேறு. அது நீரில் கலந்த பாலிவினைல் அசெட்டேட். நீரை உறிஞ்சும் மரத்துக்கு ஏற்றது, பிளாஸ்டிக்குக்கும் உலோகத்துக்கும் பயன்படாது.

நியோபிரீன் பசையை ஒட்டவேண்டிய இரு பரப்புகளிலும் தடவ வேண்டும். உடனே ஒட்டக்கூடாது. கரைப்பான் ஆவியாகி, விரல் முதுகால் தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு இரண்டையும் சேர்த்து அழுத்தினால், இரு படலங்களிலும் உள்ள ரப்பர் ஒன்றுக்குள் ஒன்று கலந்து அந்தக் கணமே பிடித்துக்கொள்ளும். கிளாம்பு வேண்டாம், ஆணி வேண்டாம். வளைந்த டேஷ்போர்டிலும் கைப்பிடியிலும் உறையைக் கையால் இழுத்து ஒட்டும் இன்றைய முறை இந்தப் பண்பினால்தான் சாத்தியமாயிற்று. காத்திருக்கப் பொறுமையின்றி ஈரமாக ஒட்டினால் கரைப்பான் உள்ளே சிக்கி, சில நாட்களில் குமிழாக எழும்பும்.

ஆனால் பிவிசியோடு இந்தப் பசைக்கு ஓர் உள்பகை உண்டு. பிவிசியை மென்மையாக்க அதனுள் எண்ணெய் போன்ற நெகிழ்வூட்டிகள் சேர்க்கப்படுகின்றன. மென்மையான வினைலின் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட இவை இருக்கலாம். இவை பிவிசியோடு வேதியியல் முறையில் பிணைக்கப்பட்டவை அல்ல. இடையில் தங்கியிருப்பவை மட்டுமே. வெப்பம் ஏறினால் மெல்ல நகரும். மேல்பக்கமாக வெளியேறும் பகுதி காற்றில் கலந்து, குளிர்ந்த முன்கண்ணாடியின் உட்புறம் மங்கலான படலமாகப் படியும். கீழ்ப்பக்கமாக நகரும் பகுதி பசைக்குள் இறங்கும். நியோபிரீன் அதை உறிஞ்சிக் கொழகொழப்பாகிறது. ஒட்டிய அன்று கிழித்தாலும் பிரியாத உறை, ஓரிரு கோடைகளுக்குப் பின் விளிம்பிலிருந்து தானே சுருண்டு எழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எழுந்த உறையின் பின்புறம் பசை காய்ந்திருக்காது, பிசுபிசுவென்று இருக்கும். பசை குறைவாகத் தடவியதாக நினைத்து அதே பசையை மறுபடி கூடுதலாகத் தடவுவது பயனற்றது.

துணி முதுகு கொண்ட வினைலில் இந்த நகர்வு சற்றுத் தாமதமாகும். துணியில்லாத வெறும் படலத்தில் விரைவாக நிகழும். 1930களில் ஜெர்மனியில் உருவான நைட்ரைல் ரப்பர் எண்ணெயைத் தாங்கும் இயல்புடையது. அதை அடிப்படையாகக் கொண்ட பசைகளும் பின்னர் வந்த பாலியூரித்தேன் பசைகளும் நெகிழ்வூட்டியை எதிர்த்து நிற்பதால் வினைலுக்கு ஏற்றவையாகக் கருதப்படுகின்றன. அமெரிக்காவில் காரின் வெளிக்கூரையில் வினைல் ஒட்டும் நாகரிகம் 1960களிலும் 70களிலும் உச்சத்தில் இருந்தது. நேர்வெயிலில் வினைலைப் பிடித்துவைக்க வேண்டிய அந்த வேலைக்கெனத் தனிப் பசைகள் விற்கப்பட்டன. அவையே இன்றும் டேஷ்போர்டு வேலைக்கு விரும்பப்படுகின்றன.

வெப்பத்தின் அளவை எண்ணில் சொன்னால் பிரச்சினை தெளிவாகும். 2018-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்த ஓர் ஆய்வில், வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸை எட்டியது. ஸ்டீயரிங் 53, இருக்கை 51. ஒரே காருக்குள் இத்தனை வேறுபாடு. ஆக, இருக்கையில் பிழைக்கும் பசை டேஷ்போர்டில் பிழைக்கும் என்று கொள்ள முடியாது. சித்திரை வெயிலில் நாள் முழுவதும் நிற்கும் நம் ஊர்க் கார்களுக்கும் இது பொருந்தும்.

கூரைத் துணி தொங்குவது ஏன்

இருக்கைக்குள் இருந்த குதிரை முடிக்கு முதல் மாற்று, இங்கிலாந்தின் டன்லப் நிறுவனம் 1929-ல் உருவாக்கிய ரப்பர் பால் நுரை. ஜெர்மானியக் கார்களில் தேங்காய் நாரை ரப்பர் பாலில் நனைத்து அச்சில் அழுத்திய திண்டுகளும் நெடுங்காலம் இருந்தன. ஓட்டோ பேயர் 1937-ல் ஜெர்மனியில் கண்டறிந்த பாலியூரித்தேனிலிருந்து 1950களில் மென்மையான ஃபோம் வந்தபின் இவை அனைத்தும் ஒதுங்கின.

ஃபோம் இருக்கையோடு நிற்கவில்லை. 1970களிலிருந்து கூரையின் கம்பிகளும் தையலும் கைவிடப்பட்டு, அச்சில் வார்த்த அட்டையின் மேல் மெல்லிய ஃபோம் முதுகு கொண்ட பின்னல் துணியை ஒட்டும் முறை பரவியது. தொழிற்சாலையில் நேரமும் கூலியும் மிச்சம். ஆனால் ஆணியும் கம்பியும் தாங்கிய சுமை முழுவதும் இப்போது பசையின் மேல் விழுந்தது. அந்தப் பசையோ ஃபோமைத்தான் பற்றியிருக்கிறது. வெப்பமும் ஈரமும் பாலியூரித்தேன் ஃபோமைச் சிதைக்கும். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது மாவாகி உதிர, துணி தலையில் இடிக்கும் அளவுக்குத் தொங்கும். அட்டையில் பசை அப்படியே இருக்கும், துணியும் நன்றாகவே இருக்கும், நடுவிலிருந்த ஃபோம் போயிருக்கும். துணிக்குப் பின்னால் பசையைப் பீய்ச்சி அழுத்தும் சுருக்குவழி நிலைக்காததற்குக் காரணம் இதுதான். அட்டையைக் கழற்றி, பழைய ஃபோம் முழுவதையும் தேய்த்து எடுத்து, புதிய துணி போடுவதே பழுதைத் தீர்க்கும்.

தனிப்பட்ட விருப்பத்தின் பட்டறைகள்

தொழிற்சாலை தந்த உட்புறத்தைக் கழற்றிவிட்டுத் தன் விருப்பப்படி செய்துகொள்ளும் பழக்கம், போருக்குப் பிந்தைய கலிபோர்னியாவில் ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. வினைலைக் குழாய்க் குழாயாக மடித்து உள்ளே அடைத்துத் தைக்கும் வேலைப்பாடு அங்கே மிகவும் விரும்பப்பட்டது. அமெரிக்கக் கூலி கட்டுப்படியாகாத இளைஞர்கள் எல்லை தாண்டி மெக்சிகோவின் டிஹுவானாவுக்குக் காரை ஓட்டிச்சென்று, அங்கிருந்த தையற்காரர்களிடம் குறைந்த செலவில் செய்துகொண்டு திரும்பினார்கள். அந்த வேலை தையலை நம்பியது. பசைக்கு அதில் துணைப்பங்கு மட்டுமே.

நிலைமையை மாற்றியது கண்ணாடியிழை. 1953-ல் ஷெவர்லே கார்வெட் அந்தப் பொருளால் ஆன உடலோடு வந்தபின், சிறு பட்டறைகளும் அதைக் கையாளக் கற்றன. 1980களிலும் 90களிலும் காரில் பெரிய ஒலிபெருக்கிகளைப் பொருத்தும் மோகம் பரவியபோது, ஒலிபெருக்கிக் கூடுகளையும் கதவுப் பலகைகளையும் கண்ணாடியிழையால் நினைத்த வடிவில் வார்த்தார்கள். அந்த வடிவங்களில் குழிவும் மேடும் ஒரே இடத்தில் வரும். தைத்துப் போர்த்த முடியாது. இழுத்து ஒட்டத்தான் வேண்டும்.

இங்கே உறையின் முதுகுத் துணி முக்கியமாகிறது. நெய்த துணியை முதுகாகக் கொண்ட பழைய வகை ரெக்சின் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அதிகம் இழுபடாது. மேட்டில் சுருக்கம் விழும். பின்னல் துணி முதுகு கொண்டது நாற்புறமும் இழுபடும். ஆனால் இழுபட்ட உறை எப்போதும் பழைய அளவுக்குத் திரும்பவே முயலும். குழிவான இடத்தில் அது பசையைப் பரப்பிலிருந்து பிரிக்கும் திசையிலேயே இழுக்கிறது. வெயிலில் பசை இளகும் நேரம் பார்த்து அந்த இழுப்பு வெல்கிறது. அனுபவமுள்ளவர்கள் உறையை வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் இளக்கி, குழிவின் நடுவில் முதலில் ஒட்டிவிட்டுப் பிறகு விளிம்புகளை நோக்கிச் செல்வது இதற்காகத்தான். மேட்டின் மேல் இழுத்து ஒட்டிவிட்டுக் கடைசியில் குழிவுக்குள் அழுத்தினால், உறை குழிவின் மேல் பாலம் போல நின்றுவிடும்.

பசையைத் தடவியவர்கள்

ரப்பர் பசைகளின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி அவற்றின் கரைப்பான். டப்பாவிலுள்ள பசையின் பெரும்பகுதி கரைப்பானே. அது முழுவதும் பட்டறையின் காற்றில்தான் கலக்கிறது.

ஒரு காலத்தில் ரப்பர் பசைகளுக்கு மலிவான கரைப்பானாகப் பென்சீன் பயன்பட்டது. 1970களில் துருக்கி மருத்துவர் முசாஃபர் அக்சோய், இஸ்தான்புல்லில் காலணி செய்யும் தொழிலாளர்களிடையே ரத்தப் புற்றுநோய் மிகுந்து காணப்படுவதைப் பதிவு செய்தார். காற்றோட்டமற்ற சிறு அறைகளில் பென்சீன் கலந்த பசையோடு அவர்கள் வேலை செய்துவந்தார்கள். பென்சீனுக்குப் பதிலாக வந்தவற்றில் ஒன்று ஹெக்சேன். 1960களில் ஜப்பானில், வீட்டிலேயே செருப்புக்குப் பசை ஒட்டும் குடிசைத் தொழிலாளர்கள் பலருக்குக் கால்களும் கைகளும் மரத்து வலுவிழந்தன. ஹெக்சேன் உடலுக்குள் மாற்றமடைந்து நரம்பின் முனைகளைத் தாக்குவது பின்னர் தெளிவாயிற்று. காலணிப் பசையும் குஷன் பசையும் ஒரே குடும்பம் என்பதால் இச்செய்திகள் இந்தத் தொழிலுக்கும் உரியவை.

தீப்பற்றாத கரைப்பான் வேண்டும் என்ற தேவை டிரைகுளோரோஈத்தேனைக் கொண்டுவந்தது. அது ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் வளர்ந்த நாடுகளில் 1996-லிருந்து அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. வெற்றிடத்தை நிரப்ப வந்த பொருள்களில் ஒன்று புரோமோபுரோப்பேன். ஃபோம் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டித் திண்டு செய்யும் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அதைத் தெளித்து வேலை செய்தவர்களில் சிலர், நடக்க முடியாத அளவுக்கு நரம்புப் பாதிப்புக்கு உள்ளானார்கள். வானத்தைக் காக்கச் செய்த மாற்றத்தின் விலையைப் பசைத் தெளிப்பானைப் பிடித்திருந்த கைகள் கொடுத்தன. ஒவ்வொரு முறையும் தீங்கு வெளிப்பட்ட பிறகே கட்டுப்பாடு வந்தது என்பதை இந்த வரிசை காட்டுகிறது.

உறையைப் பயன்படுத்துபவரின் பாதுகாப்புக்கான விதிகளும் இதே காலத்தில் வந்தன. அமெரிக்காவில் 1972 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விதியின்படி, காரின் உட்புறப் பொருள் எதுவும் நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் வேகமாக எரியக்கூடாது. வீட்டு சோபாவுக்கான மலிவுத் துணியைக் காருக்குள் போடுபவர்கள் கவனிக்கவேண்டிய விதி இது.

இன்றைய தேர்வு

கடந்த ஐம்பது ஆண்டுகளில் சேர்ந்த உறைகளில் குறிப்பிடத்தக்கது செயற்கை மென்தோல். 1970-ல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோடோ மிக நுண்ணிய பாலியஸ்டர் இழைகளால் அதை உருவாக்கினார். இத்தாலியில் 1972 முதல் அல்காந்தரா என்ற பெயரில் வளர்ந்து, கார்களில் பெரும்புகழ் பெற்றது. அதில் பிவிசியைப் போல நகரும் நெகிழ்வூட்டி இல்லை. ஆனால் தடவிய பசை கூடிப்போனால் இழைகளின் வழியே ஊறி மேற்பரப்பில் கறையாகத் தெரியும். இயற்கைத் தோலின் சிக்கல் வேறு. வெப்பத்தில் அது சுருங்கும், டேஷ்போர்டில் மூலைகளிலிருந்து பின்வாங்கும். அதனால் அந்த இடத்துக்கு, வெப்பத்தில் சுருக்கம் குறைவாக இருக்கும்படி பதனிட்ட தோலையே தயாரிப்பாளர்கள் பயன்படுத்துகிறார்கள்.

பாலியூரித்தேன் பூசிய ரெக்சின் தொட்டால் தோலைப் போலவே இருப்பதால் சென்னை ஜி.பி. ரோடு போன்ற சந்தைகளில் வேகமாக விற்கிறது. அதிலும் நெகிழ்வூட்டித் தொல்லை இல்லை. ஆனால் அதன் மலிவான வகைகளை ஈரப்பதம் சிதைக்கும். சில ஆண்டுகளில் மேல்படலம் செதில் செதிலாக உரியும். எந்தப் பசையாலும் இதைத் தடுக்க முடியாது. கடலோர ஊர்களில் இருக்கைக்கு நல்ல பிவிசியே நீடிக்கும் என்று பழைய குஷன் தொழிலாளர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பெரிய தொழிற்சாலைகள் நீரில் கலந்த ரப்பர் பசைகளுக்கும், உருக்கித் தடவும் கரைப்பானற்ற பசைகளுக்கும் பெரிதும் மாறிவிட்டன. சிறு பட்டறைக்கு இந்த மாற்றம் எளிதன்று. உருக்கித் தடவுவதற்கு எந்திரம் வேண்டும். நீர்ப்பசை உலர வெப்ப அறை வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் நீர்ப்பசை தடவிய கதவுப் பலகை காய்வதற்கு நெடுநேரம் ஆகும், வண்டிக்காரரோ மாலைக்குள் கேட்பார். அதனால் மஞ்சள் பசை டப்பாவும் பழைய பிரஷும் இன்னும் அங்கே இருக்கின்றன. கதவைத் திறந்து, மின்விசிறியைத் தடவுபவருக்குப் பின்னால் வைத்து, ஆவி வெளியே போகும்படி வேலை செய்வது அதற்குள்ள குறைந்தபட்ச ஏற்பாடு.